கூகுள் ஃபியூட் பலகையில் இருப்பது மக்கள் தேடியதா, கூகுள் கணித்ததா?

கூகுள் ஃபியூட் என்பது, பாதியில் நிற்கும் தேடல் வாக்கியத்தின் மீதியை ஊகிக்கும் இணைய விளையாட்டு. அதைப் பற்றி வந்த கேள்வி இது: “அலுவலக நண்பர்கள் சேர்ந்து கூகுள் ஃபியூட் விளையாடுகிறோம். எல்லோருக்கும் தோன்றுகிற பதிலைச் சொன்னால் தப்பு என்கிறது. யாருக்கும் தோன்றாத ஒன்று பத்தாயிரம் புள்ளியோடு முதல் இடத்தில் நிற்கிறது. அந்தப் பட்டியல் நிஜமாகவே மக்கள் அதிகம் தேடியதுதானா? அதை வைத்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா? இதைத் தமிழில் ஆட வழி இருக்கிறதா?”

தேடல் சொற்களை அலசி, யார் எதை எப்படித் தேடுகிறார்கள் என்று நிறுவனங்களுக்குச் சொல்வது என் தொழில். அதனால் இந்த ஆட்டத்தின் அடியில் ஓடும் விஷயம் எனக்கு அன்றாடப் புழக்கம்.

முதலில் நேரடியான பதில். அந்தப் பட்டியலுக்கு அடிப்படை, மக்கள் நிஜமாகத் தேடியவைதான். ஆனால் ‘அதிகம் தேடப்பட்ட முதல் பத்து’ என்று அதைப் படிக்கக் கூடாது. ஒருவர் பாதி டைப் செய்து நிற்கும்போது, அடுத்து அவர் எதை அடிக்கப் போகிறார் என்று கூகுள் போடும் கணக்கு அது. அந்தக் கணக்கும் ஒரு வடிகட்டியைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. நீங்கள் ‘எல்லோருக்கும் தோன்றும் பதில்’ என்று சொன்னது தப்பாகப் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கூகுள் ஃபியூட், ஜஸ்டின் ஹுக் என்பவர் 2013இல் உருவாக்கிய இணைய விளையாட்டு. பெயரில் கூகுள் இருந்தாலும் அது கூகுள் நிறுவனத்தின் தயாரிப்பு இல்லை. வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தேடல் பெட்டியில் பாதி வாக்கியம் ஒன்று வந்து நிற்கும். கீழே பத்து மூடிய கட்டங்கள் கொண்ட பலகை. நீங்கள் அடிக்கும் மீதிப் பாதி அந்தப் பத்தில் ஒன்றாக இருந்தால் கட்டம் திறக்கும். மூன்று முறை தப்பாகச் சொன்னால் ஆட்டம் முடிந்தது. 2016இல், இணையப் படைப்புகளுக்கான வெபி விருதுகளில் மக்கள் வாக்குப் பிரிவில் பரிசும் வாங்கியது.

இதன் மூலவடிவம், அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ஃபேமிலி ஃபியூட்’. மார்க் குட்சன் – பில் டாட்மன் நிறுவனம் தயாரித்து, 1976 ஜூலை 12 அன்று ஏபிசியில் தொடங்கியது. முதல் தொகுப்பாளர் ரிச்சர்ட் டாசன். இப்போது பலருக்கும் தெரிந்த முகம், 2010 முதல் நடத்திவரும் ஸ்டீவ் ஹார்வி. அதில் நூறு பேரிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர்கள் சொன்ன பதில்களைப் பலகையில் மறைத்து வைப்பார்கள். போட்டியாளர் சரியான விடையைச் சொல்ல வேண்டியதில்லை; அந்த நூறு பேர் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பொது அறிவுப் போட்டிகளிலிருந்து இந்த ஆட்டத்தைப் பிரிக்கும் கோடு அதுதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் கூகுள் ஃபியூட் அதையே இணையத்துக்குக் கொண்டுவந்தது போலத் தெரியும். உள்ளே இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

முதலாவது, புள்ளி. ஃபேமிலி ஃபியூட்டில் ஒரு பதிலுக்கு 42 என்று வந்தால், நூறில் 42 பேர் அதைச் சொன்னார்கள் என்று பொருள். எண்ணிக்கைதான் புள்ளி. கூகுள் ஃபியூட்டில் முதல் இடத்துக்கு 10,000, இரண்டாவதற்கு 9,000 என்று இறங்கி, பத்தாவதற்கு 1,000. இது வெறும் வரிசை எண். முதல் இடத்தில் இருப்பது இரண்டாவதைவிட ஐம்பது மடங்கு அதிகம் தேடப்பட்டதாக இருக்கலாம். இரண்டும் கிட்டத்தட்ட சமமாகவும் இருக்கலாம். பலகையைப் பார்த்து அதைச் சொல்லவே முடியாது. ‘பத்தாயிரம்’ என்ற எண்ணைப் பார்த்ததும் பத்தாயிரம் பேர் தேடியதாக ஒரு மயக்கம் வருகிறது. நண்பர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, தொகுப்பவர். நூறு பேர் கருத்துக்கணிப்பில் ஒருவர் ‘கார்’ என்பார், இன்னொருவர் ‘வண்டி’ என்பார். நிகழ்ச்சிக் குழுவில் ஒரு மனிதர் உட்கார்ந்து இரண்டையும் ஒரே பதிலாகச் சேர்ப்பார். தேடல் பெட்டியில் அப்படிச் சேர்த்து வைக்க யாரும் இல்லை. ஒரே கவலை இரண்டு மூன்று சொல்லில் வெவ்வேறு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நீங்கள் பொருளைச் சரியாகப் பிடித்தும், சொல்லைத் தவறவிட்டுத் தோற்பீர்கள்.

இனி, அந்தப் பத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். ஆட்டத்தைவிட இந்தப் பகுதி எனக்கு நெருக்கமானது.

பாதி அடிக்கும்போதே மீதியைக் காட்டும் வசதியை கெவின் கிப்ஸ் என்ற கூகுள் பொறியாளர், தன் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்ற அந்த நிறுவனத்தின் வழக்கத்தைப் பயன்படுத்தி உருவாக்கினார். 2004 டிசம்பரில் ‘கூகுள் சஜஸ்ட்’ என்ற பெயரில் சோதனைப் பக்கத்தில் வெளியானது. முகப்புப் பக்கத்தின் தேடல் பெட்டிக்கே அது வந்து சேர 2008 ஆனது. இப்போது எல்லோரும் ஆட்டோகம்ப்ளீட் என்கிறோம். மனிதர்கள் அடிக்கும் எழுத்துகளில் சராசரியாகக் கால்வாசியை இது மிச்சப்படுத்துகிறது என்றும், உலகம் முழுவதும் சேர்த்தால் ஒரு நாளில் மிச்சமாகும் டைப்பிங் நேரம் 200 ஆண்டுகளுக்கு மேல் என்றும் 2018இல் கூகுள் கணக்குச் சொன்னது.

இதன் நோக்கம் நேரம் மிச்சப்படுத்துவது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று ஊருக்கு அறிவிக்கும் வேலையை இதற்கு யாரும் கொடுக்கவில்லை. கூகுள் இதைப் ‘பரிந்துரை’ என்று சொல்வதைத் தவிர்த்து, ‘முன்கணிப்பு’ என்றே அழைக்கிறது. நீங்கள் என்ன தேட வேண்டும் என்று அது சொல்லவில்லை. என்ன தேட வந்தீர்கள் என்று ஊகிக்கிறது. ஊகிப்பதற்கு எத்தனை பேர் தேடினார்கள் என்ற ஒரு கணக்கு போதாது. நீங்கள் எந்த மொழியில் அடிக்கிறீர்கள், எந்த ஊரிலிருந்து அடிக்கிறீர்கள், இந்த வாரம் எது திடீரென்று ஏறியிருக்கிறது, முன்பு நீங்களே என்ன தேடியிருக்கிறீர்கள் எல்லாம் அதில் சேரும். ஓட்டுநர் தேர்வு என்று கலிபோர்னியாவில் அடிப்பவருக்கும் கனடாவின் ஒன்டாரியோவில் அடிப்பவருக்கும் ஒரே பட்டியல் வந்தால் யாருக்கும் பயனில்லை.

அதனால் ஒரு பலகையைப் பார்க்கும்போது, இது எந்த நாட்டில், எந்த நாளில் எடுத்த பட்டியல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூகுள் ஃபியூட்டின் பலகைகள் பெரும்பாலும் அமெரிக்கத் தேடல் வாசனை உள்ளவை. அங்கே வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 15. பள்ளி, காப்பீடு, உணவு எல்லாம் அந்த ஊர்ப் பழக்கம். சென்னையில் உட்கார்ந்து நம் வீட்டு நினைப்பில் ஊகித்தால் மூன்று தப்பு சீக்கிரம் வந்துவிடும். இன்னொன்று, பலகை பல மாதம் முன்பு சேமித்ததாக இருந்தால், இப்போது உங்கள் போனில் அதே பாதி வாக்கியத்தை அடித்துச் சரிபார்ப்பது வீண். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாது. அதற்காக ஆட்டம் ஏமாற்றுகிறது என்றும் சொல்ல முடியாது.

அடுத்தது வடிகட்டி. வன்முறை, ஆபாசம், ஒரு சமூகத்தின் மீதான வெறுப்பு, ஆபத்தான செயல், குறிப்பிட்ட மனிதரை இழிவுபடுத்துவது ஆகிய வகைகளில் வரும் முன்கணிப்புகளை கூகுள் நீக்குகிறது. எத்தனை பேர் தேடியிருந்தாலும் அவை பட்டியலில் வரக் கூடாது என்பது விதி. அந்த விதி ஒரே நாளில் உருவாகவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு தொழிலதிபரின் பெயரை அடித்தால் ‘மோசடி’ என்ற சொல் கூடவே வந்தது. அவர் வழக்குப் போட்டார். 2013 மே 14 அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிப்பட்ட இணைப்பு ஒருவரின் உரிமையைப் பாதிக்கிறது என்று தெரிவிக்கப்பட்ட பிறகு அதைத் தடுக்கும் கடமை கூகுளுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் யூதர்களைப் பற்றி வந்த கொடூரமான முன்கணிப்பை பிரிட்டிஷ் செய்தித்தாள் ஒன்று வெளிக்கொண்டு வந்தது. அதன் பின் 2017இல் முன்கணிப்புகளைப் பற்றி யாரும் புகார் சொல்லும் வசதி வந்தது. 2020 செப்டம்பரில், அமெரிக்கத் தேர்தலுக்கு முன்பு, எந்த வேட்பாளருக்கோ கட்சிக்கோ ஆதரவாகவும் எதிராகவும் தோன்றும் முன்கணிப்புகளை எடுத்துவிடப் போவதாக கூகுள் அறிவித்தது.

ஆகவே உங்கள் நண்பர் ஒருவர் கொஞ்சம் அசிங்கமான பதிலைச் சொல்லி, ‘இதைத்தானே எல்லோரும் தேடுவார்கள்’ என்றால், அவர் மனிதர்களைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கலாம். பலகையில் மட்டும் இருக்காது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: இதை வைத்து மக்கள் மனதைப் படிக்கலாமா? இதற்கு நான் ஒரு பிரபலமான உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். 2013 அக்டோபரில் ஐக்கிய நாடுகளின் பெண்கள் அமைப்பு ஒரு விளம்பரத் தொடர் வெளியிட்டது. நான்கு பெண்களின் முகங்கள். ஒவ்வொருவர் வாய் இருக்க வேண்டிய இடத்தில் கூகுள் தேடல் பெட்டி. அதில் ‘பெண்கள் கூடாது’, ‘பெண்கள் வேண்டும்’ போன்ற பொருளில் ஆங்கிலப் பாதி வாக்கியங்கள். கீழே ஆட்டோகம்ப்ளீட் தந்த மீதி. அந்த ஆண்டு மார்ச் 9 அன்று செய்த தேடல் என்ற குறிப்பும் இருந்தது. ‘வீட்டிலேயே இருக்க வேண்டும்’, ‘அடக்கி வைக்கப்பட வேண்டும்’, ‘வாக்களிக்கக் கூடாது’, ‘கார் ஓட்ட முடியாது’, ‘பிஷப் ஆக முடியாது’, ‘தேவாலயத்தில் பேசக் கூடாது’ என்று வரிகள். உலகமே பதறியது. பதறியதில் நியாயமும் இருந்தது.

ஆனால் வரிவரியாகப் பாருங்கள். ‘பிஷப் ஆக முடியாது’ என்பதை யார் அடித்திருப்பார்கள்? பெண்களை பிஷப்புகளாக்கும் தீர்மானம் 2012 நவம்பரில்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவையில் சொற்ப வாக்குகளில் தோற்றிருந்தது. செய்தி படித்துவிட்டு ஏன் என்று தேடியவர்கள் அதில் கட்டாயம் இருப்பார்கள். ‘கார் ஓட்ட முடியாது’ என்பது அன்றைய சவுதி அரேபியாவின் நிலைமை. அதைப் பற்றிக் கோபத்தோடு தேடியவர்களும் அதே சொற்களைத்தான் அடித்தாக வேண்டும். ‘தேவாலயத்தில் பேசக் கூடாது’ என்பது பைபிளில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் வரும் கருத்து. அந்த வசனத்தைத் தேடியவர் அதை நம்புகிறவராகவும் இருக்கலாம், மறுத்துப் பிரசங்கம் தயாரிக்கிறவராகவும் இருக்கலாம். தேடல் பெட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு வாக்கியத்தைத் தேடுவதும் அதை நம்புவதும் வேறு வேறு செயல்கள்.

‘அடக்கி வைக்கப்பட வேண்டும்’ என்ற வரிக்கு எனக்கு அப்படி எந்தச் சமாதானமும் தோன்றவில்லை. அதனால் அந்த விளம்பரம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது காட்டிய வெறுப்பு உலகத்தில் இருக்கிறது. பலகை மட்டும் அதற்குச் சாட்சியாகப் போதாது என்பதுதான் என் நிலைப்பாடு. கூகுள் ஃபியூட் ஆடிவிட்டு ‘பாருங்கள், மனிதர்கள் இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டுவதும் அதே பிழை. அரைகுறை வாக்கியத்துக்கு வேடிக்கையான முடிவு வந்தால், பல சமயம் அது ஒரு பாட்டின் வரியாகவோ படத்தின் வசனமாகவோ இருக்கும். பாட்டுப் பெயர் மறந்தவர்கள் காதில் நிற்கும் வரியைத்தான் பெட்டியில் போடுகிறார்கள்.

மக்கள் ஆர்வத்தை அளக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு கருவி இருக்கிறது: 2006இல் வந்த கூகுள் ட்ரெண்ட்ஸ். அதுவும் எத்தனை பேர் என்று சொல்லாது. மொத்தத் தேடல்களில் ஒரு சொல்லின் பங்கு எப்போது உச்சத்தில் இருந்ததோ அதை 100 என்று வைத்து, மற்ற நாட்களை அதோடு ஒப்பிடும். ஆனால் காலத்தையும் ஊரையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அளக்கிறது. பலகையில் அது கிடையாது.

ஜெயிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இலக்கணத்தைக் கவனியுங்கள். ‘ஒய் இஸ் மை டாக்’ என்று பாதி வந்தால், அடுத்து வருவது இந்த நிமிடம் நாய்க்கு நடந்துகொண்டிருப்பதாக இருக்கும்: நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, சாப்பிடவில்லை, நொண்டுகிறது. நாய் பக்கத்தில் படுத்திருக்க, கவலையோடு ஒருவர் போனை எடுத்து அடித்தது அது. ‘ஒய் டஸ் மை டாக்’ என்று வந்தால் நிலைமை வேறு. அது பழக்கத்தைப் பற்றியது: ஏன் நக்குகிறது, ஏன் புல் தின்கிறது, ஏன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே கவலை குறைவு, ஆர்வம் அதிகம். ‘கேன் டாக்ஸ்’ என்று வந்தால் அடுத்த சொல் பெரும்பாலும் சாப்பாட்டைச் சுற்றித்தான். திராட்சை, வாழைப்பழம், முட்டை என்று சமையலறையில் இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே நாய், ஒரே வீடு. துணைவினை மாறியதும் தேடுகிறவர் மாறிவிட்டார். பலகையைப் பார்த்ததும் ‘இதற்கு என்ன பதில்’ என்று யோசிக்காதீர்கள். ‘யார், எந்த நேரத்தில், எதற்காக இதை அடித்தார்’ என்று யோசியுங்கள். பதில் தானாக வரும்.

கூடவே, எளிய சொல்லை முதலில் போடுங்கள். டாக்டர் சொல்லும் பெயரைவிட வீட்டில் சொல்லும் பெயர்தான் தேடல் பெட்டியில் விழுகிறது. மூன்று தப்புக்குள் ஒன்றையாவது ஏற்கெனவே திறந்த பதிலின் மாற்றுச் சொல்லுக்கு ஒதுக்குங்கள்.

எண்ணிக்கை வேண்டும் என்பவர்களுக்கு ‘ஹையர் லோயர் கேம்’ பொருந்தும். 2016இல் வந்தது. இரண்டு விஷயங்களைக் காட்டி, ஒன்றின் மாதச் சராசரித் தேடல் எண்ணிக்கையைச் சொல்லும். மற்றொன்று அதைவிடக் கூடவா குறைவா என்று நாம் சொல்ல வேண்டும். ஒரு தப்பு, ஆட்டம் முடிந்தது. விளம்பரதாரர்களுக்காக கூகுள் தரும் மாதச் சராசரி எண்கள் தோராயமாக முழுமையாக்கப்பட்டவை, பன்னிரண்டு மாதச் சராசரி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இது எளிது, வேகமானது. எனக்கு கூகுள் ஃபியூட் தரும் சுவாரசியம் இதில் இல்லை, ஏனென்றால் இங்கே தேடுகிறவரின் முகம் தெரிவதில்லை.

தமிழில் ஆடலாமா? ஆடலாம், ஆனால் பாதி வாக்கியத்தை வேறு மாதிரி வெட்ட வேண்டும். ஆங்கிலத்தில் கேள்விச் சொல் முன்னால் வந்து, காலியிடம் கடைசியில் விழுகிறது. நாம் தேடும்போது பொருளை முன்னால் வைத்து, என்ன வேண்டும் என்பதைப் பின்னால் வைக்கிறோம்: ‘குழந்தைக்கு சளி’ என்று தொடங்கி ‘குணமாக’, ‘நீங்க’, ‘வீட்டு வைத்தியம்’ என்று முடிப்போம். அதனால் ‘ஏன் என் நாய்’ என்று பலகை அமைத்தால் ஒன்றும் தேறாது. ‘கனவில்’ என்று போட்டு நிறுத்துங்கள். பாம்பு, யானை, இறந்தவர்கள் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எல்லாம் ‘வந்தால் என்ன பலன்’ என்றுதான் முடியும். ‘பிரியாணி’, ‘பத்தாம் வகுப்பு’, ‘முடி கொட்டுவது’ போன்றவையும் நல்ல தொடக்கங்கள்.

பலகை தயாரிப்பவர் ஒருவர் மட்டும் தனி. அவர் தன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேட வேண்டும். இல்லையென்றால் அவர் முன்பு தேடியவை பட்டியலில் கலந்துவிடும். போனில் பட்டியல் குறைவாக வரும், கணினியில் பத்து வரை வரும், அதனால் கணினியே மேல். தமிழ் எழுத்தில் அடிப்பதா, தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரு தடவை பக்கம் பக்கமாக அடித்துப் பார்த்தால், ஒரே சொல்லுக்கு வேறு வேறு பட்டியல் வருவதைக் காணலாம். இரண்டு வகையிலும் தேடுகிறவர்கள் ஒரே கூட்டம் அல்ல. பத்தையும் தாளில் எழுதி, தேதியையும் ஊரையும் மேலே குறியுங்கள். புள்ளியை வரிசைப்படி 10 முதல் 1 வரை கொடுங்கள். பெரியவர்கள் ‘வீட்டு வைத்தியம்’ என்பதற்குப் பதில் ‘கை வைத்தியம்’ என்று சொன்னால் ஏற்பதா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும். என் கருத்தில் ஏற்றுக்கொள்ளலாம்.